ஏட்டில் பிறந்த ஏழு பிள்ளைகள்

நலம் பெருகுக. மேற்கே மூன்று கழிகளும் கிழக்கே ஒரு கடலும் காவல் நிற்கும் முக்கழி நாட்டின் கோலுடையாரும், அலைவாய்க் கோட்டையின் தலைவியும், அறிவகம் நான்கையும் புரப்பவருமான பெருந்தேவி நித்திலவல்லியார் வெண்மணல்பட்டினத்து அரண்மனையில் வீற்றிருந்து திருவாய்மொழிந்தபடி, ஓலைநாயகம் பெருங்கொற்றி எழுதியது. மேல்மலை நாட்டுக் கூவல்பாறை ஊரவையார் இவ்வோலையைத் தலைமேற்கொண்டு ஏற்று, அவ்வூரில் வாழும் மருதி என்பாளின் மனையில், அவளும் அவள் கணவனும் மக்கள் மூவரும் கூடியிருக்க, உரக்கக் கூவாமல், பக்கத்தில் இருப்பவர்க்குச் சொல்வது போல் வாசிக்கக் கடவர். உங்கள் மலையில் மழை தவறாதிருக்க. உங்கள் தினைப்புனத்தில் கிளிக்குப் போக உங்களுக்கும் மிஞ்சுக.

மருதி, மகளே, அருகே வந்து உட்கார். அரண்மனை முத்திரையைக் கண்டு நீ அஞ்சியிருப்பாய். ஆகவே முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது உன்னைப் பிடித்துப்போக வந்த ஓலை அல்ல. இதற்குள் ஒரு கதையும் ஒரு கட்டளையும் இருக்கின்றன. கதையைக் கேளாமல் கட்டளையை மட்டும் கேட்டால் விளங்காது என்பதால், பெருந்தேவி நாச்சியார் இரண்டையும் ஒரே கயிற்றில் கோத்து அனுப்பச் சொன்னார்.

நீ கழிமுனைத் துறையை விட்டு மலையேறி இருபது ஆண்டு ஆயிற்று. ஏன் போனாய் என்பது இங்கே எல்லோரும் அறிந்ததே. நம் நாட்டு அறங்கூறவையில் நிமிர்விழிச் சாட்சி என்றொரு வழக்கம் இருந்தது. சாட்சி சொல்பவர் அவைத்தலைவரின் முகத்தை நேரே நோக்கிச் சொல்ல வேண்டும். விழி தாழ்ந்தால் சொல்லும் தாழ்ந்தது என்று ஏட்டில் எழுதுவார்கள். உன் குடியில் பலருக்கு நாற்பதை ஒட்டி இமைகள் இறங்கத் தொடங்கும். ஐம்பதில் பாதி விழி மூடிவிடும். உன் தாய் ஒரு வழக்கில் மெய் சொல்லப் போய், இமையை ஏற்ற முடியாமல் நின்று, பொய்ச்சாட்சி என்று எழுதப்பட்டாள். அன்றுமுதல் உங்களைப் பொய்க்கண் குடி என்றார்கள். நீ அந்தப் பெயர் எட்டாத இடத்துக்குப் போனாய். உன் அக்காள் செங்கயலும் அண்ணன் தாமனும் துறையிலேயே தோணி ஓட்டிக்கொண்டு இருந்துவிட்டார்கள்.

சென்ற ஐப்பசிப் பெருமழையில் கழிமுனை அணைக்கரை உடைந்தது. தாமனின் தோணி கவிழ்ந்தது. அவன் மனைவி பூவை வெள்ளத்தோடு போனாள்.

வாசிப்பவர் இவ்விடத்தில் சற்று நிறுத்துக. பூவையும் மருதியும் சிறுவயதில் ஒன்றாக நண்டு பிடித்தவர்கள்.

கரையை வெட்டியவன் தாமனே என்று ஊரார் சிலர் முறையிட்டார்கள். புதிய அணை தோணித்துறைக்கு இடையூறு என்று அவன் முன்பே மும்முறை விண்ணப்பம் செய்திருந்தான். அதுவே அவனுக்கு வினையாயிற்று. அவையில் நிறுத்தியபோது அவன் வாய் திறக்கவில்லை, விழி நிமிர்த்தவில்லை. அவனுக்கு இருந்த ஒரே சாட்சி செங்கயல். கரை உடைந்தபோது அவளும் அதே தோணியில் இருந்தவள். அவளுக்கோ இமைகள் பாதி இறங்கிவிட்டன. சாட்சி ஏற்கப்படாவிட்டால் தாமனைக் கடல் கடத்தி, ஆளில்லாத் தீவில் விடுவது முறை. நாச்சியார் தொண்ணூறு நாள் தவணை கொடுத்து, அதற்குள் கண்ணுக்கும் கணக்குக்கும் பொறிக்கும் உளத்துக்கும் உரிய அறிவகம் நான்கும் சேர்ந்து இந்தக் குடியின் கண்ணில் இருப்பது நோயா பொய்யா என்று ஆய்ந்து சொல்லப் பணித்தார்.

கண்ணகத்தார் முதலில் செங்கயலைப் பார்த்தார்கள். புருவத்தைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு மேலே பார்க்கச் சொன்னால், நல்ல இமை ஏழு நெல் அகலம் ஏறும். அவளுக்கு இரண்டு நெல் அகலமே ஏறியது. இமையைத் தூக்கும் தசை தளர்ந்துவிட்டது, கண்மணியில் பழுதில்லை என்று எழுதினார்கள். தாமனிடம் அதையே செய்யச் சொன்னபோது அவன் செய்யவில்லை. மாட்டேன் என்றும் சொல்லவில்லை. தரையில் இருந்த ஓர் இடத்தையே நாள் முழுதும் பார்த்திருந்தான். ஆறாம் நாள், தொலைவில் யாரோ தோணிச் சங்கை ஊதினார்கள். அவன் இமைகள் முழுதாக மேலேறின, வாசலைப் பார்த்தான், மறுபடி இறக்கிக்கொண்டான். கண்ணகத்தார் அளவு எடுக்க நேரமில்லை, ஆனாலும் பார்த்தவர் மூவர். தாமனுக்கு இமைநோய் இல்லை, அவன் இமையைப் பிடித்து இழுப்பது வேறொன்று என்று சொல்லி, அவனை உளமகத்தாரிடம் ஒப்படைத்தார்கள்.

இதற்கிடையே எண்ணகத்துக் கணியர் பேரெயினன் உன் குடியின் ஐந்து தலைமுறையைச் சுவடியிலும் கிழவர் நினைவிலும் தேடி எடுத்தார். இமை தாழ்ந்தவருக்குப் பிறந்து ஐம்பது வயது கண்டவர் நாற்பத்து மூவர். அவர்களில் இமை தாழ்ந்தவர் இருபத்திருவர். ஆணென்றும் பெண்ணென்றும், மூத்ததென்றும் இளையதென்றும் அந்த நோய் பார்க்கவில்லை. சோழி ஒன்றைச் சுண்டினால் குப்புற விழுமோ மல்லாந்து விழுமோ, அப்படித்தான் ஒவ்வொரு பிறப்பும் என்றார். முன்னே இருவர் அகப்பட்டதால் மூன்றாவது பிள்ளை தப்பும் என்பதில்லை, அகப்படும் என்பதும் இல்லை. ஒவ்வொரு முறையும் சோழி புதிதாகச் சுண்டப்படுகிறது. தப்பியவர் வழியில் மட்டும் அது மறுபடி முளைத்ததாக ஒரு சான்றும் இல்லை. அந்த நாற்பத்து மூவரில் பொய் சொன்னவர் எத்தனை பேர் என்று அவையார் கேட்டதற்கு, அதை எண்ணத் தொடங்கினால் அவையாரின் குடிகளையும் எண்ண வேண்டிவரும் என்று கணியர் பணிவோடு மறுத்துவிட்டார்.

செங்கயலும் இந்தக் கணக்கைக் கேட்டாள். உன் அக்காள் மணம் செய்துகொள்ளாததை நீ அறிவாய். தனக்கு வருவது தன் வயிற்றில் பிறக்கும் எல்லாவற்றுக்கும் வரும் என்று எண்ணியே அவள் இருபது வயதில் மறுத்தாள். அப்படியானால் பாதியாவது தப்பியிருக்குமே என்று கணியரிடம் ஒரே ஒரு முறை கேட்டாள். கணியர் அந்தக் கேள்வியையும் தம் குறிப்பில் எழுதிக்கொண்டார்.

பொறியகத்தார் செய்தது இது. முதலில் நெற்றியில் வெள்ளிப் பட்டை கட்டி, அதிலிருந்து தோல்நரம்பு ஒன்றால் இமையைத் தூக்கிக் கட்டினார்கள். இமை ஏறிற்று, ஆனால் மூடவில்லை. இரண்டு நாளில் விழி வறண்டு சிவந்து, கண்ணகத்தார் வந்து பொறியகத்தாரைத் திட்டித் தீர்த்தார்கள். பிறகு ஒரு முதியவர், நனைந்த கயிறு தானே முறுக்கேறிக் குறுகும் என்பதை நினைத்து, பட்டிழையைச் சுருள் சுருளாக விழும் வரை முறுக்கினார். அந்தச் சுருளில் ஒரு துளி நீர் விட்டால் அது குறுகி இமையைத் தூக்குகிறது. காய்ந்தால் நீண்டு இறக்கிவிடுகிறது. இமைக்கும்போது இணங்கி வளைந்தும் கொடுக்கிறது. தசை செய்யும் வேலையை நூல் செய்கிறது. ஒரு துளி ஒரு நாழிகை நிற்கும்.

உளமகத்தார் செய்ததை எழுதுவது கடினம், ஏனெனில் அவர்கள் ஒன்றும் செய்யாதது போலவே இருந்தது. ஒருவர் நாள்தோறும் தாமனுக்கு அருகில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பின்னினார். கேள்வி கேட்கவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. முப்பத்தொன்றாம் நாள் அவர் ஒரு முடிச்சைத் தப்பாகப் போட்டார். தாமன் அதை வாங்கிப் பிரித்துச் சரியாகப் போட்டான். முப்பத்தாறாம் நாள் பேசினான்.

“கைய நான்தான் விட்டேன். அவ விடல.”

அவன் முகத்தில் குற்றம் இருந்தது என்று ஊரார் சொன்னது பொய் இல்லை, மகளே. அது கரையை வெட்டிய குற்றம் அல்ல, அவ்வளவே. அது குற்றமே அல்ல என்று அவனுக்குச் சொல்ல இன்னும் பல மாதம் ஆகும் என்று உளமகத்தார் எழுதினார்கள்.

மாசி முதல் நாள் அவை கூடியது. அவைத்தலைவர் வில்லவராயர் பட்டிழைப் பொறியைக் கையில் வாங்கிப் பார்த்து மிகவும் மகிழ்ந்தார். கழிமுனைக் குடியார் இனி இதைக் கட்டிக்கொண்டு வந்து சாட்சி சொல்லலாம், ஆகவே பழைய வழக்கத்தை மாற்ற வேண்டிய தேவை இல்லை என்று அவையில் அறிவித்தார். பலருக்கு அது நல்ல முடிவாகவே பட்டது. எனக்கும் பட்டது என்பதை மறைப்பதற்கில்லை.

செங்கயல் பொறியோடு நின்றாள். நூலில் நீர் விட்டார்கள். இமைகள் ஏறின. இருபது ஆண்டில் உன் குடியார் ஒருவரின் முழுக்கண்ணை அவை அன்றுதான் பார்த்தது. உன் தாயின் கண் என்று கிழவி ஒருத்தி சொன்னாள். வழக்கப்படி மூன்று முன்கேள்விகள் கேட்டார்கள். பெயர் சொன்னாள். ஊர் சொன்னாள். மக்கள் எத்தனை என்றார்கள். வில்லவராயரின் முகத்தை நேரே நோக்கி, ஏழு என்றாள். அவர் தலையசைத்தார். எழுத்தர் எழுதினார்.

பிறகு அவள் பேசவில்லை. ஏன் என்று இருமுறை கேட்டார்கள். சற்றுப் பொறுக்க வேண்டினாள். மாசி வெயிலில் நூல் காய்ந்தது. இமைகள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கின. நீர் விட வந்தவரைக் கையால் தடுத்துவிட்டுச் சொன்னாள்.

“எனக்குப் புள்ளையே கெடையாது ஐயா. இமை மேல நிக்கயில சொன்னது பொய். எறங்கினப்புறம் சொல்றேன், இது மெய். எதை எழுதப் போறீக?”

வில்லவராயர் எழுத்தரை முன்விடையை மறுபடி வாசிக்கச் செய்தார். ஏழு என்று வாசித்தார். வில்லவராயர் தம் தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அவ்வாறு செய்த அவைத்தலைவரை நான் என் வாழ்நாளில் கண்டதில்லை.

“உங்க அம்மாவையும் நான்தாம்மா விசாரிச்சேன்.”

“தெரியும் ஐயா.”

அவர் தம் விழிகளைத் தாழ்த்திக்கொண்டு, சாட்சியைத் தொடங்கச் சொன்னார். செங்கயல் தாழ்ந்த இமையோடு சொன்னாள்: விடிந்தது முதல் தாமன் தோணியை விட்டு இறங்கவில்லை, மூன்றாம் முறை கடக்கையில் கரை தானே உடைந்தது, அது கூப்பிடு தூரத்துக்கும் அப்பால் இருந்தது. சாட்சி ஏற்கப்பட்டது. தாமன் அன்றே விடுவிக்கப்பட்டான். நீர் வடிந்தபின் கரையைத் தோண்டிப் பார்த்ததில், உள்ளே கைநுழையும் அளவுக்கு நண்டு வளைகள் இருந்தன.

பொய்யான முன்விடையை அடித்துவிடலாமா என்று எழுத்தர் கேட்டபோது, இருக்கட்டும் என்றார் நாச்சியார். அது இன்றும் ஏட்டில் இருக்கிறது: கழிமுனைச் செங்கயல், மக்கள் எழுவர்.

இனிக் கட்டளை. முக்கழி நாட்டிலும் அதன் ஆட்சிக்கு உட்பட்ட மேல்மலை நாட்டிலும் உள்ள எந்த அவையிலும் சாட்சியின் விழியை வைத்துச் சொல்லை எடைபோடக் கூடாது. சாட்சி சொல்லும்வரை அவைத்தலைவரே தம் விழியைத் தாழ்த்திக் கேட்கக் கடவர். இந்த விதியை எழுதியவர் வில்லவராயர். மருதியின் தாய் பெயரில் எழுதப்பட்ட பொய்ச்சாட்சிக் குறிப்பு நீக்கப்பட்டது. மருதியையோ அவள் மக்களையோ கண்ணகத்துக்கு வரச்சொல்லி எவரும் வற்புறுத்தக் கூடாது. அறிய விரும்பினால் வரலாம், அறியாதிருக்க விரும்பினால் அதுவும் அவர்கள் உரிமை. இதைக் காட்டி அவர்கள் மணத்தைத் தடுப்பவர் ஊரவையின் தண்டத்துக்கு உரியவர். இவ்வோலையோடு வெள்ளிப் பட்டை ஒன்றும் பட்டிழைச் சுருள் ஐந்தும் வருகின்றன. தேவைப்படுமோ படாதோ, பெட்டியில் கிடக்கட்டும். பார்க்க எளிதாகும் என்று தோன்றும் நாளில் கட்டிக்கொள். பிறர் கேட்கிறார்கள் என்பதற்காகக் கட்டாதே.

தாமன் மறுபடி தோணி ஓட்டுகிறான். சில நாள் உண்பதில்லை. உளமகத்தார் வாரம் ஒருமுறை வலையோடு போகிறார். செங்கயல் உனக்குச் செய்தி ஒன்று சொல்லச் சொன்னாள். அவள் சொன்னபடியே எழுதுகிறேன்.

“அவையில சொன்ன ஏழுல மூணு மருதியோடதுன்னு வச்சுக்கிட்டா, நான் சொன்னது நாலு பேருக்குத்தான் பொய். அந்த மூணையும் ஒருதரம் கண்ணுல காட்டச் சொல்லுங்க. இமைய நான் தூக்கிக்கிறேன்.”

மாசி இருபத்திரண்டாம் நாள், இரட்டைச் சங்கு முத்திரை இட்டு, ஓலை முடிந்தது. இதைத் தாங்கி வந்தவர்க்கு ஊரவையார் உணவும் ஓய்வும் தந்து அனுப்பக் கடவர்.

மருதி, உன் அடுப்பு அணையாதிருக்க. உன் கூரை ஒழுகாதிருக்க. உன் வீட்டில் சோழி எப்படி விழுந்தாலும், விழுந்தவரின் சொல் நிமிர்ந்து நிற்க. உன் மக்கள் மூவரும், ஏட்டிலே பிறந்து அங்கேயே இருக்கும் மற்ற நால்வருக்கும் சேர்த்து, நீடு வாழ்க.