பெண்கொடி நிற்கும் சரிவைக் காக்க வேண்டி

நலம் பெருகுக. மேகம் முதலில் தொட்டு இறங்கும் முகில்வரை மலைக்கு உரியவரும், தினைக்கதிரையும் தேனடையையும் கொடியில் பொறித்தவரும், வழி கேட்டு வந்தவரைப் பசியோடு அனுப்பி அறியாதவருமாகிய வேள் நன்னாகனார் திருமுன்பு, இரண்டு ஆறுகளுக்கு நடுவே கிடக்கும் நெடுங்கரை நாட்டை ஆளும் கொற்றி தன் கையாலேயே எழுதிய ஓலை. தங்கள் அருவிகள் வற்றாதிருக்கட்டும். தங்கள் புனங்களில் கிளி குறைந்து கதிர் மிகட்டும்.

ஓலைநாயகம் எழுதியிருந்தால் எழுத்து இன்னும் அழகாக இருந்திருக்கும். அவர் ஒரு வரி கீறி முடிப்பதற்குள் நான் மூன்று செய்தி சொல்லிவிடுகிறேன் என்று எழுத்தாணியை என் மடியில் வைத்துவிட்டுப் போய்விட்டார். முறைப்படி ‘யாம்’ என்றுதான் எழுத வேண்டும். அப்படி எழுதினால் எனக்கு மூச்சு முட்டுகிறது. ஆகவே ‘நான்’ என்றே எழுதுகிறேன், பொறுத்தருள்க.

கேட்க வந்ததை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். மழைக்கு முன்பு கீழைச் சரிவில் மரம் வெட்டி, தீயிட்டு, தினை விதைக்கத் தங்கள் ஆணை ஆகியிருப்பதாக அறிந்தேன். இவ்வாண்டு அந்தச் சரிவைக் கொளுத்த வேண்டாம். என் நாட்டின் சோறு அங்கே ஒரு கொடியில் தொங்குகிறது.

எங்கள் மண்ணில் நெல் ஆற்றோரம் மட்டுமே விளையும். மற்ற ஊர்களுக்கெல்லாம் பெருவள்ளிக் கிழங்குதான் சோறு. போன மழைக்கு முந்தின மழையில் அந்தக் கொடிகளின் இலைகள் தீய்ந்தன. ஓரிடத்தில் தொடங்கிய கருப்பு நாடு முழுவதும் பரவி, ஒரு தோட்டத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. நல்ல எருவிட்ட தோட்டமும் போயிற்று, கேட்பாரற்ற தோட்டமும் போயிற்று. தங்கள் மலையின் காட்டுவள்ளி மட்டும் அதே மழையில் பச்சைப் பசேலென்று நின்றதை எங்கள் வணிகர்கள் வந்து சொன்னபோது, என்னால் அரண்மனையில் உட்கார முடியவில்லை. தோட்டம் தோட்டமாகப் போய்ப் பார்த்தேன். பார்த்ததில் புரிந்தது இது.

நாங்கள் வள்ளியை விதையிட்டு வளர்ப்பதில்லை. கிழங்கின் தலையை வெட்டி நடுகிறோம். நன்றாகப் பருத்த கிழங்கின் தலையையே எல்லோரும் கேட்டு வாங்கி நடுகிறார்கள். ஆகவே எங்கள் நாட்டில் நிற்பவை பல்லாயிரம் கொடிகள் என்று நினைத்திருந்தேனே, அது தவறு. நிற்பது ஒரே கொடி. அதைத்தான் துண்டு துண்டாக நாடெங்கும் நட்டிருக்கிறோம். ஒன்றால் தாங்க முடியாத நோயை எதனாலும் தாங்க முடியவில்லை.

அத்தோடு விடவில்லை நாங்கள். எங்களுக்குப் பூக்களைவு என்று ஒரு திருநாள் உண்டு. அன்று பறை முழக்கிக்கொண்டு தோட்டங்களுக்குள் போய், பூத்த வள்ளிக்கொடியை எல்லாம் வேரோடு பிடுங்கி எறிவோம். பூவுக்குப் போகும் சத்து கிழங்குக்குப் போகட்டும் என்று முன்னோர் நினைத்தார்கள். அவர்கள் நினைத்தது பொய்யன்று. பூக்காத கொடிதான் பருத்த கிழங்கு தருகிறது. ஆனால் பூக்கத் தெரிந்ததை எல்லாம் பிடுங்கிப் பிடுங்கி, பூக்க மறந்ததை மட்டும் நாட்டில் நிறுத்தினோம். எப்போதாவது தப்பிப் பூப்பதும் ஆண்பூவாகவே இருக்கிறது. இந்த வள்ளியில் ஆண் வேறு கொடி, பெண் வேறு கொடி. பெண்கொடியை என் நாட்டில் கண்டவர் எவரும் இல்லை.

இதில் என்னை மிகவும் துள்ள வைத்த செய்தி இன்னொன்று. காட்டில் விதையால் பிழைக்கும் கொடிக்குப் பூ கெட்டால் அதன் குலம் அத்தோடு முடிந்தது. கெடாத பூதான் அங்கே நிலைக்கும். எங்கள் கொடிக்குப் பூ எவ்வளவு கெட்டாலும் நாங்கள் துண்டை நட்டுத் தூக்கி நிறுத்திவிடுகிறோம். ஆகவே கேடு சேர்ந்துகொண்டே போகிறது, ஒருவர் கண்ணிலும் படுவதில்லை. அன்பாக வளர்த்தே அதன் பிள்ளைப்பேற்றைக் கெடுத்திருக்கிறோம், வேளே.

சரி, தப்பிப் பூத்த ஆண்கொடிகளைக் காப்போம் என்று சிவப்புத் துணி கட்டி அடையாளம் வைத்தேன். பூக்களைவு நாளன்று கிழார் வேட்டன் என்பவர், எங்கள் மேலைத் தோட்டங்களுக்குத் தலைவர், துணி கட்டிய கொடிகளைத்தான் முதலில் பிடுங்கினார். ஏன் என்று கேட்டேன்.

“அரசியே துணி கட்டிக் காட்டிக் குடுத்திருக்கீங்க, நாங்க தேடுற வேல மிச்சம்னுல்ல நெனச்சோம்!”

கோபப்படத்தான் போனேன், சிரிப்பு முந்திக்கொண்டது. பிறகு பார்த்தால் அவர் வீட்டு வைக்கோற்போரின் உச்சியிலேயே ஒரு கொடி ஏறிப் பூத்திருந்தது. இதை ஏன் பிடுங்கவில்லை என்றேன். அவர் தம் வயிற்றைத் தடவிக்கொண்டு சொன்னார்: “இது பூக்கலம்மா, சும்மா தொங்குது. போருமேல ஏறச் சொன்னா போரும் போயிரும், நானும் போயிருவேன்.”

அந்தச் சோம்பலுக்கு என் நாடு கடன்பட்டிருக்கிறது. அந்தப் பூச்சரங்களை ஈரத்துணியில் சுற்றிக்கொண்டு தங்கள் மலைக்கு ஓடி வந்தேன். தாங்கள் அப்போது வேட்டைக்குப் போயிருந்தீர்கள். சொல்லாமல் நுழைந்ததற்குப் பிழை பொறுக்க வேண்டும். கீழைச் சரிவுக்கு உரிய தினைக் குடும்பங்களின் தலைவி கடம்பிதான் என்னைக் காட்டுவள்ளியின் பெண்கொடியிடம் அழைத்துப் போனார். கூட வந்து பார்த்தவர்கள் எல்லாம் வயிறு குலுங்கச் சிரித்தார்கள்.

“ஏ தாயி, மாப்பிள்ளய மூட்டையில கட்டித் தூக்கியாந்த மொத ஆளு நீதான்!” என்றார் கடம்பி.

நானும் சளைக்காமல் ஆண்பூச்சரத்தைப் பெண்பூச்சரத்தோடு நாரால் சேர்த்துக் கட்டினேன். சின்னஞ்சிறு வண்டுகள் இரண்டிலும் ஏறி இறங்கின. பெரும்பாலான பூக்கள் வாடி விழுந்துவிட்டன. பிடித்த சில காய்களைப் பிளந்தால், உமி போன்ற சிறகுகள் மட்டும் இருந்தன. உள்ளே விதையே இல்லை. எங்கள் ஆண்கொடியிடம் மிச்சமிருந்த வலிமை அவ்வளவுதான். ஆனாலும் சில சிறகுகளின் நடுவே பருப்பு இருந்தது. அவற்றை ஊன்றினேன். சில முளைத்தன.

வேளே, அந்த முளைகளைத் தாங்கள் பார்க்க வேண்டுமே! ஒன்றைப் போல ஒன்று இல்லை. ஒன்றின் இலை அகலம், ஒன்றில் முள், ஒன்றின் தண்டு செக்கச் சிவப்பு. ஒரே முகத்தையே பார்த்துப் பழகிய எங்கள் தோட்டக்காரர்கள், சந்தையில் புது மனிதர்களைப் பார்ப்பதுபோல் சுற்றி நின்று பார்த்தார்கள். போன மழையிலும் தோட்டங்களில் இலை தீய்ந்தது. முளைத்தவற்றிலும் பல தீய்ந்தன. மூன்று மட்டும் தீயவில்லை.

மூன்று கொடி ஒரு நாட்டுக்குப் போதாது. அவற்றின் கிழங்கு இப்போதைக்குக் கட்டைவிரல் அளவுதான். இனிக்குமா கசக்குமா என்று எனக்குத் தெரியாது. இந்த மூன்றையும் துண்டு போட்டு நட்டுப் பெருக்கினால் பழைய பிழையையே புதிதாகச் செய்தவளாவேன். ஆண்டுதோறும் புது விதை வேண்டும். அதற்குப் பெண்கொடி வேண்டும். தங்கள் காட்டில் வேறு எங்கும் தேடிக் கிடைக்காதது கீழைச் சரிவில்தான் நிற்கிறது.

தீ மேலோடு போனாலும் மண்ணுக்குள் கிழங்கு பிழைக்கும் என்று தங்கள் அவையில் யாரேனும் சொல்லலாம். பிழைக்கும். ஆனால் மரம் போனால் கொடிக்கு ஏற இடமில்லை. ஏறாத கொடி பூப்பதில்லை. கிழங்கைத் தோண்டி எடுத்துப் போய் என் தோட்டத்தில் வைக்கலாமே என்றும் சொல்லலாம். வைத்துப் பார்த்தேன், அழுகிவிட்டது. அதற்குத் தங்கள் மலைதான் பிடித்திருக்கிறது.

இதில் இழப்பு யாருக்கு என்பதும் எனக்குத் தெரியும். கடம்பியிடம் சரிவை விடச் சொல்லிக் கேட்டபோது அவர் சிரிக்கவில்லை. “எங்க தெனைய நிறுத்திப்புட்டு ஒங்க கொடிக்குக் கல்யாணமா? எங்க புள்ளைக எதத் திங்கும்?” என்றார். நெல் தருகிறேன் என்றேன். “ஒங்க நெல்லுச்சோறு காத்து மாதிரி. தின்னு கை கழுவுறதுக்குள்ள பசிக்கும்” என்றார். ஆகவே நெல் அனுப்பவில்லை. தென்கரை வணிகரிடம் தினையே வாங்கியிருக்கிறேன். வண்டிகள் இந்த ஓலைக்குப் பின்னாலேயே வருகின்றன. அளக்கும் மரக்கால் கடம்பியினுடையதாகவே இருக்கட்டும். போதும் என்று அவர் சொல்லும் வரை அளக்கப்படும். தாங்கள் மறுத்தாலும் அந்தத் தினை திரும்பி வராது.

தீயாத மூன்று கொடிகளில் மிகவும் செழித்த ஒன்றையும் இந்த ஓலையோடு அனுப்பியிருக்கிறேன். அதன் தாய் தங்கள் மலையினள். அது தங்கள் முற்றத்தில் ஏறுவதே முறை. கிழங்கு தோண்டும் நாளில் சொல்லியனுப்புங்கள், வருகிறேன். கசந்தால் இருவருமாகச் சேர்ந்து முகத்தைச் சுளிப்போம்.

என் நாட்டாருக்கு நான் இட்ட ஆணையையும் தாங்கள் அறிய இங்கே எழுதுகிறேன். பூக்களைவு நாள் இனியும் நடக்கும். பறையும் முழங்கும், விருந்தும் உண்டு. ஆனால் ஒவ்வொரு தோட்டத்திலும் பூத்த கொடி ஒன்றேனும் நிற்க வேண்டும். அதன் கிழங்கு சிறுத்தால் அந்தக் குறையை அரண்மனைத் தோட்டம் ஈடு செய்யும். பூத்த கொடியைக் காத்து நிற்கும் காவல் கிழார் வேட்டனுக்கு உரியது. மறுக்காமல் ஏற்றுக்கொண்டார், வைக்கோற்போர் மேல் ஏற வேண்டியதில்லை என்று மட்டும் கேட்டு உறுதி வாங்கிக்கொண்டார்.

இந்த ஓலைக்கு எழுத்தில் விடை வேண்டாம். தங்கள் கீழைச் சரிவில் புகை எழுந்தால் எங்கள் கோட்டை மதிலில் இருந்தே தெரியும். தூது கொண்டு வந்தவன் கொடியைத் தங்கள் முற்றத்தில் நட்டுத் தண்ணீர் ஊற்றிவிட்டு, ஒன்றும் கேட்காமல் திரும்ப வேண்டும் என்பது என் கட்டளை. இடி இடித்து மழை இறங்கும் வரை நான் ஒவ்வொரு நாளும் மதிலில் ஏறித் தங்கள் மலையைப் பார்ப்பேன். வானம் தெளிவாக இருந்தால், வேள் நன்னாகனார் சம்மதம் என்று என் நாடு அறிந்துகொள்ளும்.

இரட்டை ஆற்று முத்திரை வைத்து முடித்தேன். கொற்றி எழுத்து. முகில்வரை வாழ்க, நெடுங்கரை பிழைக்க.