வேப்பம்பட்டு பஸ் வசதி உண்டு

நவம்பர் 3, திங்கள்
தூறல். குடையை ரயிலிலேயே விட்டாச்சு. இது இரண்டாவது.

நாலு மாதமாக ஆளில்லாத குவாலிட்டி இன்ஸ்பெக்டர் வேலைக்கு இன்று ஆள் சேர்ந்தாச்சு. தேவி, வேப்பம்பட்டு. வீட்டுப் பக்கத்துக் கம்பெனியில் பார்த்த எட்டு வருஷ வேலையை விட்டு வந்திருக்கிறார். மேனேஜர் என் முதுகில் தட்டினார்.

சாயங்காலம் தேவி கேட்டார், "சார், வேப்பம்பட்டு பஸ்ஸு எங்க நிக்கும்?"

அந்தக் கம்பெனி பஸ்ஸை நிறுத்தி ஒரு வருஷம். வேலை விளம்பரம் எழுதியது நான். எழுதியது என்ன, போன வருஷத்தது ஒன்றை எடுத்துத் தேதியையும் வேலைப் பெயரையும் மாற்றினேன், அவ்வளவுதான். கடைசி வரி, 'வேப்பம்பட்டு பஸ் வசதி உண்டு', அப்படியே இருந்திருக்கிறது.

"ரெண்டு நாள்ல சொல்றேம்மா" என்றேன். என்னத்தைச் சொல்ல.

நவம்பர் 4, செவ்வாய்
மேனேஜரிடம் கேட்டேன். "ஒரு ஆளுக்கு பஸ்ஸா? இன்னாய்யா நீ." பேச்சு முடிந்தது.

தேவி பேசின்பிரிட்ஜில் ரயில் மாறி வந்தார். ஒரு வழிக்கே இரண்டரை மணி நேரம். பெண் குழந்தை, இரண்டாங்கிளாஸ். "பக்கத்து ஊட்ல பாத்துக்கறாங்க சார். ரெண்டு நாள்தான, பஸ் வந்துடும்ல?"

தலையாட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேனோ.

நவம்பர் 6, வியாழன்
எங்களுக்கு ஆள் பிடித்துத் தருகிற, தேவியையும் அனுப்பிவைத்த கன்சல்டன்சி சீனு, வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் போட்டிருந்தான். தேவியின் பழைய கம்பெனி, குவாலிட்டி இன்ஸ்பெக்டர், உடனே தேவை. அவர் விட்டு வந்த அதே இடம். போன் போட்டேன்.

"அந்தப் பொண்ணே திரும்பிப் போனா எடுத்துக்குவாங்களா?"

"கண்ண மூடிக்கினு எடுத்துக்குவாங்க நைனா. சனிக்கெழம வரைக்கும் டைம் கீது. அப்பறம் உங்க ஆடிட்டுக்கு இன்னா பண்ணுவ?"

நாளைக்கு ஆடிட். இன்ஸ்பெக்டர் இல்லையென்றால் என் தலை உருளும். நாளை சாயங்காலம் சொல்லிக்கொள்ளலாம்.

வாங்க வேண்டியவை: அம்மா மாத்திரை, குக்கர் வாஷர், குடை.

நவம்பர் 7, வெள்ளி
ஆடிட் பாஸ். தேவியால்தான். ஒரு டிரே முழுக்கப் பிசிறோடு இருந்த உதிரிபாகங்களை ஆடிட்டர் பார்க்கும் முன் ஒதுக்கிவிட்டார். கேன்டீனில் எல்லோருக்கும் லட்டு. தன் லட்டைக் குழந்தைக்கென்று பேப்பரில் மடித்துக்கொண்டு ரயிலுக்கு ஓடினார்.

சொல்ல நேரமில்லை என்று எழுதினால் பொய். கேட் தாண்டும்வரை பார்த்துக்கொண்டுதான் நின்றேன். நல்ல ஆளை விட மனசில்லை. அயோக்கியத்தனம்.

நவம்பர் 8, சனி
காலையிலேயே சீனுவுக்குப் போன்.

"நேத்தே ஆள் போட்டாங்க நைனா."

"சனிக்கெழம வரைக்கும்னியே!"

"கெடச்சா உடுவாங்களா?"



நவம்பர் 10, திங்கள்
கனமழை. புதுக்குடையோடு போயும் நனைந்தாச்சு.

தேவி ராஜினாமா கொடுத்தார். வெள்ளிக்கிழமை பக்கத்து வீட்டில் ஆளில்லையாம். குழந்தை பூட்டின வாசலில் ஏழரை மணிவரை மழையில் நின்றிருக்கிறது. பஸ் கிடையாதென்று கேன்டீனில் யாரோ சொல்லியும்விட்டார்கள்.

"பஸ் இல்லன்னு மொதல்லயே சொல்லியிருந்தா வந்தே இருக்க மாட்டேன் சார்." திட்டியிருந்தால் தேவலை.

மேனேஜர் புது விளம்பரம் இன்றே வேண்டும் என்றார். பஸ் வரியை அழித்தேன். ஒரு வரி, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கிளம்பும்போது தேவி திரும்பி வந்தார். "சார், எங்க பழைய கம்பெனில என் எடம் காலியா கீதான்னு சீனு அண்ணனாண்ட கேட்டுச் சொல்றீங்களா? நீங்க கேட்டா சொல்வாரு."

வியாழக்கிழமையே கேட்டுவிட்டேன் என்பது நாக்கு நுனிவரை வந்தது.

"கேக்கறேம்மா" என்றேன்.