இசட் பட்டனில் ஒரு பொட்டு

அடியே,

இன்று காலை கீபோர்டைத் துடைத்தபோது உன் பொட்டு துணியோடு வந்துவிட்டது. இசட் எழுத்தின் மேல் நீ ஒட்டிய அதே ஸ்டிக்கர் பொட்டு. ஓரமெல்லாம் தேய்ந்து நடுவில் மட்டும் கொஞ்சம் சிவப்பு மிச்சம். கன்டெய்னர் லாரி ஒன்று போனால் நம் போட்டோ, ஜெராக்ஸ் கடைக்குள் ஒரு பிடி மண் விழும் என்பது உனக்குத் தெரியாததா. ஆனாலும் இத்தனை மாதமாக அந்த ஒரு பட்டனைச் சுற்றித்தான் துடைத்துக்கொண்டிருந்தேன். இன்று கை தவறியதற்குக் காரணம் உன் அம்மா.

அம்மா காலையிலேயே எண்ணூரிலிருந்து பஸ் பிடித்துத் திருவொற்றியூர் வந்துவிட்டார். வருகிற வெள்ளிக்கிழமை உனக்கு வருஷ நினைவு. ஃபிரேம் போட்டு மாட்ட ஒரு படம் வேண்டுமாம். உன் தம்பி செல்போனில் எடுத்ததைக் காட்டினார். கடற்கரைக் கல்லின் மேல் உட்கார்ந்து சிரிக்கிறாய். பின்னால் கடல் பளபளவென்று இருக்கிறது, உன் முகம் மொத்தமும் நிழல்.

"கொஞ்சம் கலரா போட்டுக் குடும்மா. சின்ன வயசுலேர்ந்து கருப்பி கருப்பின்னே கூப்ட்டாங்கோ. செவுத்துலயாவது எம் பொண்ணு செவப்பா இருக்கட்டும்."

சாயந்திரம் வருவதாகச் சொல்லிவிட்டு மார்க்கெட்டுக்குப் போனார். பெற்றவளிடம் மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? செய்யவும் மனசு வரவில்லை. என்ன பண்ணுவதென்று தெரியாமல் துணியை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தேன்.

இறால் உரிக்கிற வேலையில் கை விறைத்துப்போய், "இனிமே ஐஸ் தண்ணி வாணாம்டி" என்று நீ இங்கே வந்து உட்கார்ந்த நாள் ஞாபகம் வந்தது. எனக்கு மட்டும் என்ன பெரிய படிப்பு? வியாசர்பாடியில் மூன்று மாத கோர்ஸ். அதை வைத்துக்கொண்டு உனக்கு வாத்தியார் வேலை பார்த்தேன். தப்பாகிவிட்டால் கன்ட்ரோலையும் இசட்டையும் சேர்த்து அமுக்கு, ஒரு படி பின்னால் போகும் என்றேன். ஒவ்வொரு தடவையும் இசட்டைத் தேடினாய். கடைசியில் நெற்றியில் இருந்த பொட்டை எடுத்து அதன் மேல் ஒட்டி, "இப்ப எங்க போவும்?" என்றாய். எல்லாவற்றையும் அந்தப் பட்டனால் பின்னால் கொண்டுவர முடியாது என்று இந்த இடத்தில் ஒரு வரி எழுதலாம். நீ விழுந்து விழுந்து சிரிப்பாய், அதனால் எழுதவில்லை.

படத்தை ஓரம் வெட்டி க்ராப் பண்ணுவதை நீ மீன் ஆய்வது என்றுதான் சொன்னாய். "வாலு, செதிலு போட்டும். கழுத்துல கத்தி வெக்காத." முகத்தைச் சுத்தம் செய்வதற்கும் உன்னிடம் ஒரு கணக்கு இருந்தது. "பரு வந்துட்டுப் போறது, மச்சம் கூடவே கீறது. போறதத் தொட, கீறத வுடு." கோர்ஸில் இதை எனக்கு யாரும் இவ்வளவு நேராகச் சொல்லவில்லை. ஆனால் ஒரிஜினலைத் தொடாதே, நகல் எடுத்து அதில் கை வை என்பதை உன் மண்டையில் ஏற்றுவதற்குள் எனக்கு ஒரு மாதம் ஆனது. எத்தனை படத்தைக் கெடுத்தாய், பாவி.

நல்லவேளை, அந்தப் பொண்ணு போட்டோ வந்த அன்று நகல் இருந்தது. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்ப வேண்டும், கொஞ்சம் கலராகப் போடச் சொன்னார் ஒரு அம்மா. நீ என்ன செய்தாய்? மென்பொருளில் கலர் என்று போட்டிருந்த பட்டையைக் கடைசி வரைக்கும் தள்ளிவிட்டாய்.

"இன்னாம்மா இது, எம் பொண்ணுக்கு மசாலா தடவி வெச்சிக்கீற? வறுக்கவா போறேன்?"

"கலரான்னு சொன்னீங்கோ, கலராத்தான் போட்டேன்."

கூட வந்திருந்த அந்தப் பெண்ணே சிரித்துவிட்டாள். பழைய படத்தையே வாங்கிக்கொண்டு போனார்கள். அவர்கள் போன பிறகு நான் உனக்கு விளக்கினேன். கலர் என்று அவர்கள் சொல்வது இந்தக் கலர் இல்லை, வெளுப்பு. அதற்கு வேறு பட்டை. நீ உடனே உன் படத்தைத் திறந்து அதையும் கடைசி வரை தள்ளினாய். மைதா மாவு மாதிரி ஒரு முகம் வந்தது. திரைக்குக் கிட்டே போய் அதையே பார்த்தாய். எனக்குப் பயமாக இருந்தது.

"எங்கம்மா இப்ப உள்ள வந்தா, ஜெராக்ஸ் எவ்ளோன்னு என்னியே கேட்டுட்டுப் போயிடும்" என்று சொல்லிவிட்டுப் பொட்டு வைத்த பட்டனை டக் டக்கென்று அமுக்கினாய், நீ திரும்பி வரும்வரை. மறுநாளிலிருந்து கலராகக் கேட்டவர்களிடமெல்லாம், "இருக்கிற கலர்லயா, இல்லாத கலர்லயா?" என்று கேட்க ஆரம்பித்தாய். சிலர் கோபப்பட்டார்கள். நிறையப் பேர் சிரித்துவிட்டு, இருக்கிறதிலேயே போடு என்றார்கள்.

இதெல்லாம் ஞாபகம் வந்த பிறகுதான் மவுஸைத் தொட்டேன். முதலில் நகல். சேலை முந்தானை அறுபடாமல் க்ராப். பின்னால் இருந்த கடல் வெளிச்சத்தைக் கொஞ்சம் தணித்து, முகத்து நிழலை மட்டும் மெல்ல ஏற்றினேன். முகம் தெரிய வேண்டும், வெளுக்கக் கூடாது. தாடையில் இருந்த பரு போனது. மூக்கோர மச்சம் இருந்தது. நிழல் விலக விலக நீ உன் நிறத்தோடு வெளியே வந்தாய். எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது.

சாயந்திரம் அம்மா வந்தார். திரையைக் காட்டுவதற்கு முன்னால் உன் கேள்வியைக் கேட்டேன்.

"இருக்கிற கலர்லயாம்மா, இல்லாத கலர்லயா?"

அவருக்குப் புரிந்துவிட்டது. "அவ கேக்குற மாதிரியே கேக்குறியே" என்றார். திரையைத் திருப்பினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, கிட்டே வந்து, மச்சத்தின் மேல் விரலை வைத்தார்.

"இல்லாத கலர்ல போட்டா அது எவளோ ஒருத்தி. எவளோ ஒருத்திக்கு நா ஏம்மா மால போடணும்? இதையே குடு."

படம் போய்விட்டது, அம்மாவும் போய்விட்டார். என் நெற்றிப் பொட்டை எடுத்து இசட்டின் மேல் ஒட்டியிருக்கிறேன். கொஞ்சம் கோணல். நாளைக்கும் யாராவது கலராகக் கேட்டு வருவார்கள், உன் கேள்வியைத்தான் கேட்பேன்.