வாலில்லாத பாம்புச் சட்டை

ஆகஸ்ட் 3, 1931. திங்கள். சித்தூர்.

காலையில் தூறல், பிறகு புழுக்கம். கண்டவை: ஓணான் 2 (வேப்பமரம்), அரணை 1 (கிணற்றடி). வீட்டுப் பல்லி இல்லை. மூன்று நாளாகச் சுவரில் ஒன்றுகூட இல்லை. ஏன்?

பத்து மணிக்குப் பக்கத்து வீட்டுச் சாராள், முறத்தில் ஒரு பாம்புச் சட்டையோடு வந்தாள். இரு வீட்டுக்கும் பொதுவான நடுச்சுவரில் எலி வளை. அதன் வாயில் கிடந்ததாம். அவள் மகள் எஸ்தர் பிள்ளை பெற்றுப் பத்து நாள். தாயும் பிள்ளையும் தரையில், பாயில்தான்.

"இன்னா பாம்பு வாத்தியாரே? கட்லபாமா? பயந்துக்கினு எஸ்தர் கண்ணே மூட மாட்டேங்கறா."

கட்டுவிரியனைத்தான் கட்லபாம் என்கிறாள். சட்டைக்குத் தலை இல்லை, வால் இல்லை. முதுகுப் பக்கம் கந்தல். உரித்த சட்டையில் நிறமும் நிற்காது. வாசலில் எஸ்தர், பிள்ளையை மாரோடு அணைத்தபடி என் வாயையே பார்த்துக்கொண்டு.

"வெள்ளிவரையன். பல்லி துன்ன வர்றது. விஷம் கிடையாது. நிம்மதியாப் படும்மா" என்றேன்.

நோட்டிலும் அப்படியே எழுதினேன். கேள்விக்குறி போடவில்லை.

ஆகஸ்ட் 4. செவ்வாய்.

மழை இல்லை. மூக்குக்கண்ணாடி கால் தளர்ந்துவிட்டது, நூல் சுற்ற வேண்டும்.

கட்டிலடியில் பழைய பாடநூல் கட்டை இழுத்தேன். பின்னால் வால். அரையடிச் சட்டை, நுனி வரை முழுசாக. நேற்றையதன் கிழிந்த ஓரத்தோடு சேர்த்து வைத்தேன். பொருந்தியது. அவர்கள் பக்கம் தொடங்கி, என் கட்டிலடியில் உரித்து முடித்திருக்கிறது.

பூதக்கண்ணாடி. வெள்ளிவரையன் என்றால் வாலடிச் செதில் இரண்டிரண்டு. வகிடு எடுத்த தலைபோல் நடுவே கோடு ஓடும். கட்டுவிரியனுக்கு ஒற்றை, ஏணிப்படிபோல. இது ஏணி. நுனி வரை ஏணி. மூன்று முறை பார்த்தேன்.

கட்டுவிரியன் கடித்தால் பலருக்கு வலியே தெரியாது. காலையில் இமை தூக்க முடியாமல் எழுவார்கள். அல்லது எழ மாட்டார்கள்.

ஓடினேன். எஸ்தர் பாயில், கண் பாதி மூடி. கூப்பிட்டேன். பதில் இல்லை.

"எஸ்தர், இங்க பாரும்மா. கண்ணை நல்லாத் திற."

"இன்னா அய்யா... ராவெல்லாம் புள்ள தூங்க வுடல."

இரண்டு இமையும் முழுதாக உயர்ந்தன. பிள்ளை வீறிட்டு அழுதது. கடிவாய் இருக்கிறதா என்று இருவர் உடம்பையும் தடவிப் பார்க்கச் சொன்னேன். ஒன்றுமில்லை.

சாராளிடம் என் தப்பைச் சொன்னேன்.

"வாலைப் பாக்காமயே பாஸ் போட்டுட்டீங்களா? பள்ளிக்கூடத்துலயும் இப்டித்தான் பேப்பர் திருத்திக்கினு இருந்தீங்களா?"

நியாயமான கேள்வி.

என் கட்டில் எஸ்தருக்குப் போனது. எனக்குப் பெஞ்சு. வளையின் இரு வாயையும் கல், சுண்ணாம்பு வைத்து அடைத்தேன். அடைத்த பிறகுதான் தோன்றியது: அது எந்தப் பக்கம் இருக்கும்போது அடைத்தேன்?

ஆக. 5. புதன்.

மேகமூட்டம். பாம்பு பிடிப்பவர் திருப்பதிப் பக்கம் போயிருக்கிறார். சனிக்கிழமைதான் வருவாராம்.

இரு வீட்டிலும் தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் நகர்த்திப் பார்த்தோம். என் புத்தக அலமாரி மட்டும் அசையவில்லை. பாம்பு இல்லை. பொழுது சாய்ந்ததும் அடுப்புச் சாம்பலைச் சலித்து இரு வீட்டுத் தரையிலும் தூவல். ஊர்ந்தால் கோடு விழும்.

"சிலேட்டு வச்சாச்சு. இனி அதுவே எழுதட்டும்" என்றேன். சாராள் சிரிக்கவில்லை.

பல்லி இல்லை. எலிச் சத்தமும் நின்றுவிட்டது. வீடே மூச்சை அடக்கிக்கொண்டு உற்றுக் கேட்பதுபோல்.

ஆக. 6. வியாழன்.

நல்ல வெளிச்சம். பெஞ்சில் விழித்தேன். சுவருக்கு அப்பாலிருந்து சாராள்: "எங்க பக்கம் சாம்பல் போட்டது போட்டபடியே கீது! தோத்திரம்!"

அப்பாடா. பிள்ளை அங்கே. பாம்பு அங்கே இல்லை.

என் பக்கம்: ஒரு கோடு. விரல் அகலம். வளைந்து வளைந்து, அலமாரி அடியிலிருந்து பெஞ்சின் கீழ் வரை. திரும்பிப் போன கோடு இல்லை.

கால் இரண்டும் மேலே. பெஞ்சின் மேலேயே உட்கார்ந்து இதை எழுதுகிறேன். தடி கதவோரம். எட்டாது.

"வாத்தியாரே! உங்க பக்கம்? ஒண்ணும் இல்லதானே?"

"பார்த்துட்டுச் சொல்றேன்" என்றேன்.

இன்னும் குனியவில்லை.