பலகையில் பதினோரு பெண்கள்

மார்ச் 4, 1987
ஊர்க்குழுக் கூட்டம். எங்கள் ஊர் ஸ்கெல்பியின் வரலாறு, பார்க்க வேண்டிய இடங்கள் எல்லாவற்றையும் ஒரு பலகையில் எழுதிக் கடற்கரையில் நடப் போகிறார்களாம். பார்க்க என்ன இருக்கிறது இங்கே? கூழாங்கல் கரை, ஒரு தேநீர்க் கடை, கடல் ஏறினால் காணாமல் போகும் ஒரு குகை. தலைவர் டன்வுடி லண்டனிலிருந்து குடிவந்து நான்கு வருடம்தான் ஆகிறது. அதற்குள் ஊர்ச் சரித்திரம் முழுக்க அவர் நுனிநாக்கில்!

நான் கேட்டது ஒன்றுதான். 1921 புயலில், உடைந்த கப்பலின் மாலுமிகளைக் காப்பாற்ற, இடுப்பளவு தண்ணீரில் நின்று, உயிர்காப்புப் படகைக் கயிறு கட்டிக் கடலுக்குள் இழுத்துவிட்ட பதினோரு பெண்களின் பெயர்கள். அதில் ஒருத்தி என் அம்மா, ஈடித் ஹார்ல். பதக்கமெல்லாம் படகில் ஏறிய ஆண்களுக்குத்தான் கிடைத்தது.

மார்ச் 11
பெயர்கள் வேண்டாமாம்.

"இடமில்லைங்க, மிஸ் ஹார்ல். ஜனங்க கொள்ளைக்காரனுக்காகத்தான் வர்றாங்க. பொம்பளைங்க கயிறு இழுத்ததை யாரு நின்னு படிப்பா?" என்கிறார் டன்வுடி.

பாதிப் பலகை ஒற்றைக்காது ஜாஸ்பருக்கு. குகையில் ஒளிந்திருந்த கடற்கொள்ளைக்காரன். அவனைப் பெற்றதே நான்தான்! 1958-இல் தேவாலயக் கூரை ஒழுகியபோது, செப்பனிடும் செலவுக்குத் துண்டுப்பிரசுரம் விற்பதற்காக என் சமையலறையில் உட்கார்ந்து கட்டிய கதை. என் தலையில் நானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டேன்.

மார்ச் 18
உண்மையைப் போட்டு உடைத்தேன். சிரித்தார்கள்.

"சும்மா இரு ஃப்ளோரா. எங்க தாத்தா ஜாஸ்பரோட காதையே பாத்திருக்காரு, பாட்டில்ல ஊறப்போட்டு" என்றான் மீன்கடை வால்டர்.

அவன் தாத்தா பாட்டிலைப் பார்த்திருப்பார். அதை நம்புகிறேன்.

வீட்டுக்கு வந்து அழுதேன். அம்மா, உன்னைப் பலகையிலிருந்து நானே தள்ளிவிட்டுட்டேனே...

மார்ச் 19
பொய்தான் வேண்டுமென்றால், எனக்கா பஞ்சம்?

மார்ச் 25
ஜாஸ்பர் நிஜம்தான், மறதியில் உளறிவிட்டேன் என்று மன்னிப்புக் கேட்டேன். பிறகு, "அவனைப் பிடிச்சது யாருன்னு தெரியுமா? இந்த ஊர்ப் பொம்பளைங்க பதினோரு பேரு. அவன் படகையே கயிறு போட்டுக் கரைக்கு இழுத்துட்டாங்க. பேரெல்லாம் எங்கிட்ட இருக்கு" என்றேன்.

டன்வுடிக்குக் கண் விரிந்தது. "அடடே! இதை ஏங்க முதல்லயே சொல்லல?"

"நான்தான் எப்பவும் சொல்லிட்டிருக்கேனே!" என்றான் வால்டர். பிறகு பட்டியலைப் பார்த்து, "ஈடித்னா உங்கம்மா பேரில்ல?"

"எங்க வம்சத்துல வழிவழியா அதே பேருதான்."

ஆதாரம் யாரும் கேட்கவில்லை.

மே 30
பலகையைத் திறந்தார்கள். பதினோரு பெயர்களும் இருக்கின்றன. மூன்றாவது ஈடித் ஹார்ல். ஆண்டு மட்டும் 1921 இல்லை, ஜாஸ்பர் காலத்து 1743. வெளியூர்க்காரி ஒருத்தி தன் மகளுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினாள். "பாத்தியா, எவ்வளவு தைரியம்!"

1921 புயலில் அந்தப் பெண்களால் பிழைத்து வந்த ஒன்பது மாலுமிகளைப் பற்றி ஒரு வரி இல்லை. என் அம்மா ஒருவனைத் தூக்குமரத்துக்குப் பிடித்துக் கொடுத்தவளாக அங்கே நிற்கிறாள். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.