அம்மா அளந்து பார்த்த ஹோல்

2024 மே 14

விநாயகமூர்த்தி ஐயா வந்திருந்தார். வாடகைக் காசு வாங்க வருகிற வீட்டுக்காரர் எப்போதும் வாசலில் நின்றே பேசிவிட்டுப் போவார். இன்றைக்கு உள்ளே வந்து உட்கார்ந்தார். அப்போதே விளங்கிவிட்டது.

மகளுக்குக் கலியாணம் சரிவந்திருக்கிறதாம். இந்த வீடு அவளுக்குத்தான். வருடக் கடைசிக்குள் எழும்பித் தரவேண்டும். "குறை நினையாதீங்க டீச்சர்," என்றார். நான் டீச்சர் இல்லை, பல்கலைக்கழக நூலகத்தில் வேலை. இத்தனை வருடமாக அதை நான் திருத்தவில்லை, இன்றும் திருத்தவில்லை.

குறை என்ன நினைக்க? எங்கள் பக்கம் வீடு என்பது மகளுக்குக் கொடுப்பது. பெரியகல்லாற்றில் எங்கள் வீடும் அப்படித்தான் தங்கை றொசானிக்குப் போனது. நான் கலியாணம் கட்டப்போவதில்லை, எனக்கு எதற்கு என்று அன்றைக்கு நானேதான் சொன்னேன். யாரும் என்னைத் தள்ளவில்லை. ஆனாலும் ஐம்பதை நெருங்கும்போது, அம்மாவையும் கூட்டிக்கொண்டு, இன்னொருவர் மகளின் சீதன வீட்டிலிருந்து எழும்பவேண்டியிருக்கிறது.

வாங்கத்தான் வேண்டும். இனி வாடகை வேண்டாம்.

மே 26

வங்கி ஓம் என்றுவிட்டது. அவர்கள் தரும் கடனுக்குள் இரண்டு வீடுகள் அகப்பட்டிருக்கின்றன. ஒன்று, வாவிக்கரையில் புதிய தொடர்மாடி, மூன்றாம் மாடியில். மற்றது கல்லடியில், ஒரே சுவரை ஒட்டி வரிசையாக நிற்கும் நான்கு வீடுகளில் கடைசி. கீழே ஹோலும் ஓர் அறையும், மேலே ஓர் அறை, முன்னால் சின்ன முற்றம்.

எனக்குத் தொடர்மாடி பிடித்திருக்கிறது. காரணத்தை இங்கேயாவது எழுதலாம். அதற்கு ஒரே ஒரு கதவு. பூட்டினால் பூட்டினதுதான். ஜன்னலால் பார்த்தால் வாவி. மதிலுக்கு மேலால் தலையை நீட்டி "இண்டைக்கு என்ன கறி" என்று கேட்க ஒருவரும் இல்லை.

ஜூன் 2

பூசை முடிய அம்மாவைக் கூட்டிப்போய் இரண்டையும் காட்டினேன்.

தொடர்மாடி லிஃப்டுக்குள் ஏறியதும் அம்மா சுவரைத் தடவிப் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தார். வீடு காட்ட வந்த பெண், "ஆறு பேர் வசதியாப் போகலாம் அம்மா," என்றாள்.

"நிண்டுகொண்டு போறவங்களுக்குச் சரி மகள். படுத்துக்கொண்டு போறவளுக்கு?"

அவளுக்கு விளங்கவில்லை.

"பெட்டி இதுக்குள்ள கிறுகாது, திருப்ப ஏலாது. படியாலதான் இறக்கோணும். தோமஸுக்கு முதுகு நோ வேற."

தோமஸ் றொசானியின் கணவர். மாமியாரின் சவப்பெட்டியைத் தூக்குவதற்கு அவரை இப்போதே நியமித்தாயிற்று. நான் சிரிக்கவில்லை. ஓட்டோவில் ஏறிய பிறகுதான் சிரிப்பு வந்தது.

கல்லடி வீட்டில் அம்மா ஹோலின் நடுவில் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு வாசலைப் பார்த்தார். பக்கத்து வீட்டுப் புஸ்பம் அக்கா மதிலால் எட்டிப் பார்த்து, எத்தனை பேர் இருக்கப்போகிறோம், ஏன் இரண்டு பேர்தான் என்றெல்லாம் கேட்டார். மாரியில் தண்ணீர் வருமா என்று நான் கேட்டேன். "முத்தத்துக்கு வரும். படிக்கு வராது." நம்புவதா?

ஜூன் 4

றொசானி தொலைபேசியில். "அக்கா, தொடர்மாடியை எடுக்காத. நிலமில்லாத வீட்டை வெச்சி என்ன செய்யிற? கல்லடி வீட்டை எடு. நாளைக்கு எங்களுக்கும் உதவும்."

நாளைக்கு. எங்களுக்கும்.

அவளுக்கு இரண்டு மகள்மார் — மேனுகா, நிருஷா. பெரியகல்லாற்று வீடு மேனுகாவுக்கு. அப்ப நிருஷாவுக்கு?

ஓ. அதுதானா. நான் வாங்க முதலே என்ட வீட்டுக்கு ஆள் வந்திட்டு. எத்தின தரம் குடுக்கிற நான்?

ஜூன் 5

தொடர்மாடிதான். வெள்ளிக்கிழமை முற்பணம் கட்டுவதாகச் சொல்லிவிட்டேன். அம்மா, "உனக்குப் பிடிச்சாச் சரி," என்றார். அந்தச் 'சரி' சரியாக இல்லை.

ஜூன் 6

மத்தியானம் றொசானி வந்து நின்றாள். பஸ்ஸில், தனியாக, ஒரு பை நண்டோடு. "நாளைக்குக் காசு கட்டப்போறியாம், அம்மா சொன்னா."

கேட்டேவிட்டேன். "கல்லடி வீடு நிருஷாவுக்காடி?"

அவள் என்னையே பார்த்தாள். பையைக் கீழே வைத்தாள். "என்ன கதை கதைக்கிற நீ? அம்மாட சாவீட்டுக்கு அக்கா. பந்தல் போட, கதிரை போட இடம் வேணாமா? வாற சனமெல்லாம் எங்க இருக்கிற, லிஃப்டுக்குள்ளயா?"

"அது உங்கட வீட்டிலதானே நடக்கும்."

எங்கள் வழக்கம் அது. தாய் கொடுத்த வீட்டிலிருந்துதான் தாயின் பெட்டி வெளிக்கிடும். அதில் எனக்குச் சந்தேகமே இருந்ததில்லை. கவலையும் இல்லை என்றுதான் நினைத்திருந்தேன்.

"இல்ல," என்றாள். "நீ வீடு பாக்கத் தொடங்கின அண்டைக்கே அம்மா சொல்லிட்டா. மூத்தவளுக்கு ஒரு வீடு வந்தா அங்கயிருந்துதான் போவாவாம். உனக்குக் குறையா எண்டு என்னைக் கேட்டா. குறைதான் எண்டன். ரெண்டு நாள் அம்மாவோட கதைக்கல்ல. மறுகா சரி எண்டிட்டன்."

"என்னட்ட ஏன் ஒருத்தரும் சொல்லல்ல?"

"உன்னட்ட ஆரு போய் இதெல்லாம் கதைக்கிற? நீதான் மூஞ்சை நீட்டிக்கொண்டு புத்தகத்தை எடுத்திருவியே."

குசினியிலிருந்து அம்மாவின் குரல்: "நண்டை வெயிலுக்க வெச்சிட்டு என்னகா கதை?"

நண்டைக் கழுவப் போனேன். அம்மாவிடம் எனக்கு எழுதித்தர வீடு இருக்கவில்லை. தன் பெட்டியை அனுப்பிவைக்கும் உரிமையைத்தான் எனக்கென்று வைத்திருந்திருக்கிறார். அதில் றொசானியின் பங்கையும் கேட்டு வாங்கி வைத்திருக்கிறார். நானோ அவள் நிலத்துக்குக் கண் வைத்திருக்கிறாள் என்று இரண்டு இரவு தூங்காமல் கிடந்தேன்.

ஜூன் 7

முற்பணம் கட்டினேன். கல்லடிக்கு.

ஆகஸ்ட் 18

பங்குச் சுவாமி வந்து செபம் சொல்லி வீடு மந்திரித்தார். அவர் மேல்மாடிக்குப் போன நேரம் பார்த்து அம்மா, தோமஸை ஒரு மூலையில் நிறுத்திவைத்து, ஹோலைக் காலடியால் அளந்தார். "தலைமாடு இஞ்சால. மாதா சுருவம் அங்கால. கதவு ரெண்டையும் திறந்தா நேர வெளியால."

"மாமி, முதல்ல சோபாவைப் போடுவம்," என்றார் தோமஸ்.

போட்டோம். ஆனால் ஹோலின் நடுவில் ஒரு கதிரைகூட வைக்க அம்மா விடவில்லை. அவருடைய இடமாம்.

நவம்பர் 27

விடாத மழை. தண்ணீர் இரண்டாம் படியில். புஸ்பம் அக்கா மதிலுக்கு மேலால், "இந்த முறை கொஞ்சம் கூடத்தான்," என்று ஒத்துக்கொண்டார். எங்கள் சமையல் காஸ் முடிந்தது அவருக்கு எப்படித் தெரியுமோ, ஒரு தட்டு இடியப்பமும் வந்தது. சுவருக்குக் காது இருப்பதிலும் ஒரு வசதி.

டிசம்பர் 25

நேற்றுச் சாமப் பூசை முடிய மழை பிடித்துக்கொண்டதால் றொசானி குடும்பம் இங்கேயே தங்கிவிட்டது. விடியத் தேத்தண்ணி போட வந்தால் ஹோலில் கால்வைக்க இடமில்லை. அம்மா யாருக்கும் கொடுக்காமல் வைத்திருந்த நடு இடத்தில் பாய் விரித்து மேனுகா, நிருஷா, அவர்களுக்கு நடுவில் வாயைத் திறந்தபடி றொசானி. சோபாவில் தோமஸ், கால்கள் வெளியே.

அம்மா தன் அறைவாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"உங்கட இடத்தைப் பிடிச்சிட்டாங்க," என்றேன் மெதுவாக.

"கிடக்கட்டும். எனக்கு இப்ப அவசரமில்ல."

ஒரு வருடத்தில் இத்தனை கிடைக்கும் என்று யாராவது சொல்லியிருந்தால் நம்பியிருக்கமாட்டேன். ஆண்டவருக்கு நன்றி.

எங்களிடம் கோப்பைகள் போதவில்லை. பாய்களைச் சுற்றி நடந்து, முன்கதவைத் திறந்து, மதிலுக்கு மேலால் தலையை நீட்டிப் புஸ்பம் அக்காவைக் கூப்பிட்டேன்.