வெட்டாமல் விட்ட முகம்

நெற்குப்பை,
2.7.2025

அன்பும் மரியாதையும் உள்ள மச்சானுக்கு,

துர்காதேவி எழுதுவது. அத்தைக்கு முட்டிவலி இப்போது தேவலை. போனில் கடைப் படங்களைப் பற்றிப் பேச்சை எடுத்தாலே, டூட்டிக்கு நேரமாச்சு என்று வைத்துவிடுகிறீர்கள். கடிதத்தைப் பாதியில் வைக்க மாட்டீர்கள் என்று நம்பி எழுதுகிறேன். நாளை பினாங்கு திரும்பும் முருகப்பன் அண்ணன் கொண்டுவந்து கொடுப்பார்.

நம் ஆன்லைன் புடவைக் கடையில் நான் கட்டி நிற்கிற படங்களைப் பார்த்து உங்கள் ரூமில் யாரோ கேலி பேசினார்களாம். அன்றிலிருந்து, முகம் தெரியாமல் போடு என்று ஒரே பிடிவாதம். கழுத்தோடு வெட்டிப் போட்டேன். இது என்ன தலையில்லாத முண்டமா என்று அத்தையே முகம் சுளித்தார்கள்.

அப்புறம் நீங்களே பணம் கட்டி ஒரு பெரிய மென்பொருளை ஏற்றச் சொன்னீர்கள். நம் பழைய லேப்டாப்பில் அது திறப்பதற்குள் உலை கொதித்துவிடும். திறந்தால் கண்ணுக்கு எட்டிய வரை பொத்தான்கள். வீடியோ பார்த்துக் கற்றுக்கொள் என்றீர்கள். மூன்று நாள் பார்த்தேன். படத்தைச் சேமிக்கிற இடத்தைக் கண்டுபிடிக்கவே ஒரு நாள் போனது.

அதுவும் ஆகாது என்றதும் இன்னொன்று அனுப்பினீர்கள். என்னை எடுத்துவிட்டு, கம்ப்யூட்டரே உண்டாக்கின ஒரு பெண்ணை நிற்க வைக்குமாம். வைத்தேன். அவள் சிரிப்பு அழகுதான். ஆனால் முந்தானையை வலது தோளில் போட்டிருந்தாள். கண்டாங்கிப் புடவையின் கட்டம் அவள் இடுப்பில் நெளிந்து ஓடியது. முந்தானையை மட்டும் மாற்றி அவசரத்தில் கடையில் போட்டுவிட்டேன். அரக்கு நிறம் ரோஸாகிப் போனதைக் கவனிக்கவில்லை.

மகள் வளைகாப்புக்கு வாங்கிய கோயம்புத்தூர் சித்ரா மேடம், புடவையைப் பிரித்து நிறம் வேறாக இருப்பதைப் பார்த்ததும் போன் செய்தார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை. உன்னைப் பார்த்துத்தானம்மா வாங்குவேன், இப்போ படத்தில் நீ ஏன் இல்லை, உடம்பு சரியில்லையா என்று கேட்டார்கள். ஆமாம் என்று பொய் சொன்னேன்.

எனக்கு அலுத்துவிட்டது மச்சான். நாலு பேர் பார்க்கிறார்கள் என்கிறீர்கள். பார்க்கத்தானே கடை? நான் என்ன தப்பு செய்தேன் என்று ஒருமுறையாவது சொல்லியிருக்கிறீர்களா?

போனிலேயே இலவசமாகக் கிடைக்கிற சின்ன ஆப் ஒன்றை ஏற்றிவிட்டேன். கோணலை நிமிர்த்தும், வெளிச்சம் கூட்டும், ஓரத்தை வெட்டும். அதற்கு மேல் ஒன்றும் தெரியாது அதற்கு. எனக்கு அது போதும். சித்ரா மேடம் திருப்பி அனுப்பிய அரக்குப் புடவையையே கட்டிக்கொண்டு காலை வெயிலில் நின்றேன். படம் எடுத்தது அத்தை. கை அசைந்து மூன்று படம் கலங்கிப் போயின. நாலாவது எடுக்கும்போது, என் மகன் அய்யப்பன்கிட்ட நான் பேசிக்கிறேன், நீ நிமிந்து நில்லு ஆத்தா என்றார்கள்.

அந்தப் படத்தைக் காரைக்குடியில் பிரிண்ட் போட்டு இதோடு வைத்திருக்கிறேன். கண்ணுக்குக் கீழே கருப்பு விழுந்திருக்கிறது. நெற்றியோர முடியில் நரை தெரிகிறது. எதையும் அழிக்கவில்லை. நீங்கள் போன இந்த மூன்று வருஷத்தில் நான் இப்படி ஆகியிருக்கிறேன். நிதானமாகப் பாருங்கள்.

வேளைக்குச் சாப்பிடுங்கள். தீபாவளிக்காவது லீவு கேளுங்கள்.

உங்கள்
துர்கா